தொலைநோக்கி எப்படி வேலை செய்கிறது? அட்டைக் குழாயிலிருந்து ஊட்டி மலைச்சரிவு வரை ஒரு முழு வழிகாட்டி

மொட்டை மாடியில் தொலைநோக்கியோடு நிற்பவரிடம் எல்லோரும் முதலில் கேட்பது, "இது எத்தனை மடங்கு பெரிசாக் காட்டும்?" என்பதுதான். நானும் அதைக் கேட்டுத்தான் என் முதல் தொலைநோக்கியை வாங்கினேன். பெட்டியில் 525 மடங்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அன்றிரவு வியாழனைப் பிடித்து, இருப்பதிலேயே அதிக மடங்கு வைத்துப் பார்த்தேன். கலங்கிய மஞ்சள் பொட்டு ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது. கருவி பழுது என்றே பல நாள் நினைத்திருந்தேன். பழுது ஒன்றும் இல்லை. அந்தக் குழாயின் வாய் 60 மி.மீ. அகலம். அந்த வாய்க்குள் போகும் ஒளியை வைத்து 525 மடங்கில் எதையும் தெளிவாகக் காட்ட முடியாது.

கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "வாய் எவ்வளவு அகலம்?" இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். கலிலியோவின் குழாயும், காவலூரின் பெரிய ஆடியும், ஊட்டி மலைச்சரிவில் விரிந்து கிடக்கும் எஃகுக் கம்பிகளும் ஏன் அப்படி அப்படி இருக்கின்றன என்பது ஒன்றன்பின் ஒன்றாக விளங்கும். நடுவில் சில சோதனைகள் வருகின்றன. படித்துவிட்டுப் போகாமல் கையோடு செய்து பாருங்கள்.

முதல் படி: தொலைநோக்கியின் வேலை எது?

நல்ல இருட்டில் இளவயதினரின் கண்மணித் துளை சுமார் 7 மி.மீ. வரை விரியும். வயது ஏற ஏற அது குறையும். வானத்திலிருந்து நமக்கு வரும் செய்தி முழுவதும் அந்தச் சின்னத் துளை வழியாகத்தான் வந்தாக வேண்டும். 70 மி.மீ. விட்டமுள்ள லென்ஸைக் கண்முன் வைத்தால் விட்டம் பத்து மடங்கு, பரப்போ நூறு மடங்கு. நூறு கண்கள் சேர்த்துப் பிடிக்கும் ஒளி ஒரே கண்ணுக்குள் வருகிறது. 150 மி.மீ. என்றால் சுமார் 460 மடங்கு, 200 மி.மீ. என்றால் 800 மடங்குக்கு மேல். மழை பெய்யும்போது முற்றத்தில் செம்பை வைப்பதற்கும் அண்டாவை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மங்கலான நெபுலாக்களும் (விண்வெளியின் வாயு, தூசி மேகங்கள்) விண்மீன் திரள்களும் கண்ணுக்குத் தெரியாததற்குக் காரணம் அவை சின்னதாக இருப்பது அல்ல. ஆண்ட்ரோமிடா விண்மீன் திரள் வானத்தில் முழு நிலவைப் போல ஆறு மடங்கு நீளத்துக்குப் படர்ந்திருக்கிறது. நம் கண்ணில் சேரும் ஒளி போதவில்லை, அவ்வளவுதான்.

வாய் அகலத்தால் இன்னொரு நன்மையும் உண்டு: பிரிதிறன். அருகருகே இருக்கும் இரண்டு புள்ளிகளை இரண்டாகவே காட்டும் திறன் அது. ஒளி ஓர் அலை என்பதால் எவ்வளவு நல்ல லென்ஸும் ஒரு நட்சத்திரத்தைப் புள்ளியாகக் குவிக்காது, குட்டி வட்டமாகத்தான் குவிக்கும். வாய் பெரிதாகப் பெரிதாக அந்த வட்டம் சிறிதாகும். 116 என்ற எண்ணை வாய் விட்டத்தால் (மி.மீ. கணக்கில்) வகுத்தால் எத்தனை வில்விநாடி வரை பிரிக்கலாம் என்பது வரும். முழு நிலவின் அகலத்தை 1800 பங்காக வெட்டினால் ஒரு பங்குதான் ஒரு வில்விநாடி. 60 மி.மீ. குழாய் ஏறக்குறைய 2 வில்விநாடி வரை பிரிக்கும், 150 மி.மீ. 0.8 வரை.

உருப்பெருக்கம் எங்கே முட்டிக்கொள்கிறது என்பது இப்போது தெரியும். செய்தித்தாள் படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் முகம் தெளிவாகாது, மைப்புள்ளிகள்தான் பெரிதாகும். வாய் விட்டம் எத்தனை மி.மீ. இருக்கிறதோ அதன் இரண்டு மடங்குதான் பயனுள்ள உருப்பெருக்கத்தின் உச்சம். 60 மி.மீ.க்கு 120. அதற்கு மேல் எந்தப் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் கணக்கில் எடுக்காதீர்கள்.

இரண்டாம் படி: இரண்டு லென்ஸில் ஒரு தொலைநோக்கி

கண்ணாடிக் கடையில் 'பிளஸ் 1' பவர் லென்ஸ் ஒன்று கேளுங்கள். சட்டத்துக்கு ஏற்ப வெட்டாத வட்ட லென்ஸாக இருக்கட்டும். பிளஸ் 1 என்றால் குவியத்தூரம், அதாவது தூரத்து ஒளியை லென்ஸ் ஒரு புள்ளியில் குவிக்கும் தூரம், ஒரு மீட்டர். அப்புறம், கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்ணில் செருகிக்கொள்ளும் லென்ஸ் ஒன்று. அதன் குவியத்தூரம் 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் குழாய் வேண்டாம். பகலில் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் முன் பிளஸ் 1 லென்ஸைப் பிடியுங்கள். சுவரிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில், வெளியே இருக்கும் மரமும் எதிர்வீட்டு மாடியும் வண்ணத்தோடு தலைகீழாகச் சுவரில் வந்து நிற்கும். இந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்குத் தொலைநோக்கியில் பாதி புரிந்துவிடும். லென்ஸ் தூரத்துப் பொருளைக் கொண்டுவந்து ஒரு குட்டி பிம்பமாகக் காற்றில் நிறுத்திவிடுகிறது. சுவர் இல்லாவிட்டாலும் பிம்பம் அங்கே இருக்கத்தான் செய்யும். அந்தப் பிம்பத்தை மறுபக்கத்திலிருந்து ஒரு பூதக்கண்ணாடியால் பார்க்கிறோம். முன்னது பொருளருகு லென்ஸ், பின்னது கண்ணருகு லென்ஸ்.

இனி குழாய். சார்ட் அட்டையை உட்பக்கம் கறுப்பாக வரும்படி சுருட்டி, ஒரு முனையில் பிளஸ் 1 லென்ஸை ஒட்டுங்கள். அதன் முன்னால் நடுவில் 25 மி.மீ. துளையிட்ட கறுப்புத்தாளை வையுங்கள். மூக்குக் கண்ணாடி லென்ஸின் ஓரம் பிம்பத்தைக் கெடுக்கும், அதனால் நடுப்பகுதி மட்டும் போதும். இன்னொரு முனையில், முன்னும் பின்னும் நகரும்படி சிறிய குழாயில் கடிகார லென்ஸ். இரண்டுக்கும் இடையே 105 செ.மீ. வரும், அதாவது இரண்டு குவியத்தூரங்களின் கூட்டு. உருப்பெருக்கம் ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் கிடைக்கும்: 1000 மி.மீ. வகுத்தல் 50 மி.மீ., 20 மடங்கு. குழாயைக் கையில் பிடிக்காமல் மாடிச் சுவரில் சாய்த்துக் கட்டிவிட்டு வியாழனைப் பாருங்கள். பக்கத்திலேயே ஒரே கோட்டில் இரண்டு மூன்று சின்னப் புள்ளிகள் தெரியும். கலிலியோ 1610 ஜனவரியில் பார்த்த அதே துணைக்கோள்கள்.

கலிலியோவின் குழாயில் கண்ணருகே இருந்தது குழிலென்ஸ். அதில் பிம்பம் நேராகத் தெரியும், ஆனால் காட்சிப் பரப்பு மிகக் குறுகியது. இரண்டு பக்கமும் குவிலென்ஸ் வைக்கும் முறையை 1611இல் சொன்னவர் கெப்ளர். நீங்கள் செய்தது அதுதான். தலைகீழாகத் தெரியும், வானத்தில் அதனால் ஒன்றும் குறையில்லை.

ஒன்றை மட்டும் மிகக் கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்தக் குழாயையோ வேறெந்தத் தொலைநோக்கியையோ சூரியன் பக்கம் திருப்பாதீர்கள். ஒரு விநாடியே கண்ணைப் பாழாக்கப் போதும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் கருவியைப் பகலில் வெளியே விட்டுவிட்டு உள்ளே போகவே கூடாது.

நிலவை இதில் பார்க்கும்போது அதன் விளிம்பில் ஊதாவும் மஞ்சளுமாக ஒரு மெல்லிய கரை தெரியும். லென்ஸ் ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு அளவில் வளைக்கிறது. நீலம் முன்னால் குவிகிறது, சிவப்பு பின்னால். இதற்கு நிறப்பிறழ்ச்சி என்று பெயர். குவியத்தூரத்தை நீட்டிக்கொண்டே போனால் இந்தக் குறை மங்கும் என்று 17ஆம் நூற்றாண்டில் கண்டுகொண்டார்கள். அதற்காகப் போலந்தின் கடற்கரையில் ஹெவிலியஸ் என்பவர் 46 மீட்டர் நீளத் தொலைநோக்கியைக் கம்பத்தில் தொங்கவிட்டுப் பார்த்தார். காற்றடித்தால் முழுக் கருவியும் ஆடும். 18ஆம் நூற்றாண்டில்தான் வழி பிறந்தது. கிரௌன், பிளிண்ட் என்ற இரண்டு வகைக் கண்ணாடியில் ஒரு குவிலென்ஸும் ஒரு குழிலென்ஸும் செய்து சேர்த்தால், ஒன்று பிரித்த நிறத்தை மற்றது பெருமளவு சேர்த்துவிடும். இன்று கடையில் கிடைக்கும் லென்ஸ் தொலைநோக்கிகளில் பெரும்பாலானவை இந்த ஜோடி லென்ஸ் வகை.

நீண்ட குவியத்தூரத்தை இன்றும் விட்டுவிடவில்லை. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 38 செ.மீ. லென்ஸ் ஒன்று இருக்கிறது. அதன் குவியத்தூரம் விட்டத்தைப் போல 90 மடங்கு, ஏறக்குறைய 34 மீட்டர். அவ்வளவு நீளக் குழாயைச் சூரியனோடு திருப்ப முடியாது. ஆகவே குழாயின் இடத்தில் 60 மீட்டர் சுரங்கத்தையே கட்டிவிட்டார்கள். 11 மீட்டர் கோபுரத்தின் உச்சியில் ஆடிகள் சூரியனைத் தொடர்ந்து திரும்பி, ஒளியைக் கீழே இறக்கிச் சுரங்கத்துக்குள் அனுப்புகின்றன. உள்ளே தாம்பாளம் அளவுக்குச் சூரியனின் பிம்பம் விழுகிறது. அதில் ஒரு கரும்புள்ளியைத் தனியாக எடுத்து, அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து நிறமாலை பார்க்கலாம். இதே ஆய்வகத்தில் 1909இல் எவர்ஷெட், கரும்புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். அந்த விளைவு இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது.

லென்ஸைப் பெரிதாக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒளி உள்ளே புகுந்து போக வேண்டும் என்பதால் லென்ஸை ஓரத்தில் மட்டுமே பிடிக்க முடியும், நடுவில் முட்டுக் கொடுக்க முடியாது. விட்டம் ஒரு மீட்டரைத் தொடும்போது லென்ஸ் தன் எடையாலேயே தொய்கிறது. அமெரிக்காவின் யெர்க்ஸ் ஆய்வகத்தில் 1897இல் வைத்த 102 செ.மீ. லென்ஸ்தான் வானியல் ஆய்வுக்குப் பயன்பட்ட லென்ஸ் தொலைநோக்கிகளில் பெரியது. நூறு வருடத்துக்கு மேலாகியும் அதை யாரும் தாண்டவில்லை.

மூன்றாம் படி: லென்ஸின் இடத்தில் ஆடி

நியூட்டன் 1668இல் செய்தது சுமார் 15 செ.மீ. நீளமுள்ள கையடக்கக் குழாய். அதன் அடியில் குழியாடி ஒன்று. ஒளி கண்ணாடிக்குள் புகுவதே இல்லை, மேற்பரப்பில் பட்டுத் திரும்புகிறது. எதிரொளிப்பில் எல்லா நிறமும் ஒரே கோணத்தில்தான் திரும்பும், ஆகவே நிறப்பிறழ்ச்சிக்கு வழியே இல்லை. ஆடியைப் பின்பக்கம் முழுவதும் தாங்கிப் பிடிக்கலாம் என்பதால் தொய்வுப் பிரச்சினையும் தீர்ந்தது. அக்காலத்து ஆடி, செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். கேரளத்தின் ஆறன்முளைக் கண்ணாடியும் இந்த வகைக் கலவைதான். ஆனால் அது சீக்கிரம் கறுத்துவிடும், அடிக்கடி மெருகேற்ற வேண்டும். கண்ணாடியைத் தேய்த்து வடிவம் கொடுத்து மேலே வெள்ளி பூசும் முறை 1850களில் வந்தது. இப்போது பூசுவது அலுமினியம்.

குழியாடி என்றால் எப்படிப்பட்ட குழி? ஒரு பந்தின் உட்பக்கம் போல வெட்டினால் ஓரத்தில் படும் ஒளி ஓர் இடத்திலும் நடுவில் படும் ஒளி வேறோர் இடத்திலும் குவியும். எல்லாம் ஒரே புள்ளியில் சேர வேண்டுமானால் வடிவம் பரவளையமாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நினைக்கிறீர்கள்? 200 மி.மீ. விட்டம், 1200 மி.மீ. குவியத்தூரம் உள்ள ஆடியில், நடுவைப் பொருத்தி வைத்துப் பார்த்தால் ஓரத்தில் வித்தியாசம் ஒரு மி.மீ.யின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கையால் ஆடி தேய்ப்பவர்கள் கடைசி வாரங்களில் இந்தத் துளிக்காகத்தான் மெனக்கெடுகிறார்கள். சில நிமிடம் தேய்ப்பது, ஆடி குளிரக் காத்திருப்பது, சோதிப்பது, மறுபடி தேய்ப்பது. இந்த அளவில் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியே சாட்சி. 1990இல் ஏவிய அதன் 2.4 மீட்டர் ஆடியின் ஓரம், தேவைக்கு மேல் சுமார் 2.2 மைக்ரோமீட்டர் தட்டையாகிவிட்டது. வந்த படங்கள் எல்லாம் மங்கல். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் நேரில் போய்த் திருத்தும் ஒளியியலைப் பொருத்திய பிறகுதான் அதன் பார்வை தெளிந்தது.

குழியாடியின் குவியப்புள்ளி அதன் முன்னாலேயே விழும். அங்கே தலையை வைத்தால் வரும் ஒளியை மறைத்துவிடுவோம். நியூட்டன் குழாயின் மேல்பகுதியில் 45 பாகைச் சாய்வில் ஒரு சின்னச் சமதள ஆடியை வைத்து ஒளியைப் பக்கவாட்டில் வெளியே எடுத்தார். அதனால்தான் இந்த வகைத் தொலைநோக்கியில் மேல்முனைக்குப் பக்கத்தில் கண் வைக்கிறோம். நடுவில் நிற்கும் அந்தச் சின்ன ஆடி பிம்பத்தில் ஓட்டையாகத் தெரியாதா என்று எல்லோருக்கும் சந்தேகம் வரும். அதற்கும் ஒரு சோதனை: நிலவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது குழாயின் வாயைக் கையால் பாதி மூடுங்கள். நிலவு பாதியாகாது. முழுதாகவே இருக்கும், கொஞ்சம் மங்கும். ஆடியின் ஒவ்வொரு துண்டும் முழுப் பிம்பத்தையும் தனித்தனியே உருவாக்குகிறது, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. இது மனதில் பதிந்தால், பின்னால் வரும் துண்டு ஆடிகளும் தனித்தனி ரேடியோ தட்டுகளும் எப்படி ஒரே தொலைநோக்கியாகின்றன என்பது புதிராக இருக்காது.

ஆடித் தொலைநோக்கி வைத்திருப்பவர் கட்டாயம் பழக வேண்டிய ஒன்று, இரண்டு ஆடிகளையும் நேர்படுத்துவது. இதைச் செய்யாமல் "சனி தெளிவாவே இல்லை" என்று கருவியை மூலையில் போட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். பகலிலேயே செய்யலாம். குழாயைப் படுக்கை வாட்டில் வெளிச்சமான சுவரைப் பார்த்து வையுங்கள். கண்ணருகு லென்ஸை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நடுவில் குண்டூசித் துளையிட்ட மூடியைப் போட்டு அதன் வழியே பாருங்கள். சின்ன ஆடி ஒரு வட்டமாகத் தெரியும். அதற்குள் பெரிய ஆடியின் வட்டம், அதைப் பிடித்திருக்கும் மூன்று கவ்விகளோடு தெரிய வேண்டும். மூன்றும் தெரியாவிட்டால் சின்ன ஆடியின் பின்னால் இருக்கும் குட்டித் திருகுகளைக் கால் சுற்றுக்குமேல் போகாமல் மெல்லத் திருப்புங்கள். அப்புறம் பெரிய ஆடியின் நடுவில் ஒட்டிய வளையத்தைக் கவனியுங்கள். உங்கள் மூடியின் துளை அந்த வளையத்துக்குள் வந்து உட்காரும்வரை குழாயின் அடியிலுள்ள திருகுகளைத் திருப்ப வேண்டும். ஒருவர் பார்க்க, இன்னொருவர் திருகினால் ஐந்து நிமிட வேலை. இரவில் ஒரு நட்சத்திரத்தை நடுவில் வைத்து ஃபோகஸை லேசாகக் கலைத்துச் சரிபாருங்கள். வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள் ஒரே மையத்தில் நின்றால் ஆடிகள் நேராக இருக்கின்றன. ஒரு பக்கம் ஒதுங்கினால் இன்னும் கொஞ்சம் திருக வேண்டும்.

நான்காம் படி: ஒளியை மடித்தல்

பெரிய ஆடியின் நடுவில் ஒரு துளை போட்டு, மேலே சமதள ஆடிக்குப் பதில் குவியாடியை வைத்தால் ஒளி கீழே திரும்பி அந்தத் துளை வழியே பின்னால் வெளியேறும். இது 1672இல் வெளிவந்த காஸ்கிரேன் முறை. குவியாடி ஒளிக்கற்றையின் சாய்வைக் குறைப்பதால், குட்டையான குழாய்க்குள் நீளமான குவியத்தூரம் அடங்கிவிடுகிறது. ஜவ்வாது மலையில் ஆலங்காயம் பக்கம் காவலூரில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1986இல் திறக்கப்பட்டது, ஆடியின் விட்டம் 2.34 மீட்டர். ஆடி தானாக ஒளியைக் குவிக்கும் தூரம் ஏழரை மீட்டர் சொச்சம். காஸ்கிரேன் குவியத்தில் அதுவே சுமார் 30 மீட்டருக்குச் சமமாகிறது. கட்டடத்தை நான்கு மடங்கு உயர்த்தாமல் நான்கு மடங்குப் பிம்பம். இன்றைய பெரிய ஆய்வுத் தொலைநோக்கிகள் ஏறக்குறைய எல்லாமே இந்த மடிப்பின் வாரிசுகள்.

லென்ஸையும் ஆடியையும் சேர்ப்பது இன்னொரு வழி. கோள ஆடியைச் செய்வது எளிது. அதன் குறையை, முன்னால் வைக்கும் மெல்லிய கண்ணாடித் தகடு ஒன்றால் முன்கூட்டியே ஈடுகட்டலாம் என்று 1930இல் பெர்ன்ஹார்ட் ஷ்மிட் காட்டினார். வானத்தின் பெரிய பரப்பை ஒரே படத்தில் தெளிவாக அள்ள இதுவே வழி. காவலூரின் 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியில்தான் 1988இல் ஒரு சிறுகோள் சிக்கியது. கணித மேதை ராமானுஜன் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். கடையில் கிடைக்கும் குண்டு குட்டைக் குழாய்கள் ஷ்மிட்-காஸ்கிரேன் அல்லது தடித்த கிண்ண லென்ஸ் கொண்ட மாக்சுடாவ் வகை. பேருந்தில் எடுத்துப் போகலாம், நிலவுக்கும் கோள்களுக்கும் அருமை. ஆனால் அதே வாய் அகலத்துக்கு விலை கூடுதல்.

ஐந்தாம் படி: தாங்கி

குழாயைப் பற்றியே பேசி, அது உட்காரும் தாங்கியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. நிலவின் அகலத்தைக் கடக்க வானத்துக்கு இரண்டே நிமிடம். 100 மடங்கில் தெரிவதே ஏறக்குறைய அவ்வளவு பரப்புதான். நடுவில் வைத்த சனி ஒரு நிமிடத்தில் ஓரத்துக்குப் போய்விடும்.

எளிய தீர்வு, மேலும் கீழும், இடமும் வலமும் கையால் நகர்த்தும் மரப்பெட்டித் தாங்கி. ஜான் டாப்சன் பரப்பிய இந்த முறை மலிவு, உறுதி. இரண்டு மூன்று இரவில் கை தானாகவே பழகிவிடும். தொடங்குபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

மற்றது, ஓர் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்த்து வைக்கும் ஈக்குவடோரியல் தாங்கி. அந்த அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருப்பதால் அதை மட்டும் மெல்லச் சுற்றினால் போதும், நட்சத்திரம் காட்சியை விட்டு அகலாது. நீண்ட நேரம் படம் எடுக்க இது அவசியம். அச்சின் சாய்வு உங்கள் ஊரின் அட்சரேகையே. சென்னையில் 13 பாகை, நாகர்கோவிலில் 8. அதாவது அச்சு கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டிருக்கும். ஐரோப்பாவை மனதில் வைத்துச் செய்த சில தாங்கிகள் இவ்வளவு தாழ்வாக இறங்காது, இறங்கினாலும் எடைக்கல் முக்காலியின் காலில் இடிக்கும். வாங்குமுன் இதைக் கேட்டுவிடுங்கள். துருவ நட்சத்திரமும் நமக்கு அடிவானத்தை ஒட்டியே இருப்பதால், வடக்கே மாடித் தொட்டியோ தென்னையோ மறைக்காத இடம் வேண்டும்.

ஆறாம் படி: மலைச்சரிவே தாங்கியானால்

இந்த அச்சுக் கதையின் உச்சம் ஊட்டியில் இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் கட்டி, 1970இல் இயங்கத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கி அது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். குவிக்கும் வடிவம் அதே பரவளையம்தான், ஆனால் கிண்ணம்போல் இல்லாமல் நெடுக நீண்ட தொட்டிபோல் இருக்கும். ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 பாகை. வடக்கு தெற்காக அதே 11 பாகைச் சரிவுள்ள மலைப்பக்கம் ஒன்றைத் தேடிப்பிடித்து, அந்தச் சரிவிலேயே தொட்டியைக் கிடத்தினார்கள். மலையே அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக்கிக் கொடுத்துவிட்டது! அரைக் கிலோமீட்டர் நீளக் கருவியை ஒரே அச்சில் கிழக்கிலிருந்து மேற்காக உருட்டினால் போதும், ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். வடக்கு தெற்காகப் பார்வையைத் திருப்ப எதையும் அசைப்பதில்லை. குவியக் கோட்டில் வரிசையாக இருக்கும் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டெனாக்களின் சமிக்ஞைகளை எந்தத் தாமதத்தில் கூட்டுவது என்று மாற்றினாலே பார்வை திரும்பிவிடும். நம் நாட்டில் ஒரு கருவியை நிலத்தோடு இவ்வளவு பொருத்தி யோசித்த வேலை எனக்கு வேறு தெரியாது.

அதன் எதிரொளிக்கும் பரப்பு சுமார் 1100 மெல்லிய எஃகுக் கம்பிகள். நடுவில் எல்லாம் இடைவெளி, வானம் தெரியும். இது எப்படி ஆடியாகும்? ஓர் ஆடியின் பரப்பு, அது குவிக்கும் அலைநீளத்தைவிடப் பல மடங்கு நுணுக்கமாக இருந்தால் போதும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் மி.மீ.யின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு, அதனால்தான் ஆடியை அப்படித் தேய்க்கிறோம். ஊட்டி கேட்கும் ரேடியோ அலையின் நீளம் ஏறக்குறைய 92 செ.மீ. அந்த அலைக்குக் கம்பிவலை மெருகேற்றிய தகடுதான்.

நீண்ட அலையால் ஒரு நஷ்டமும் உண்டு. பிரிதிறன் அலைநீளத்தையும் வாய் விட்டத்தையும் பொறுத்தது. அலை இவ்வளவு நீண்டால் வாயும் கிலோமீட்டர் கணக்கில் வேண்டும். அதை ஒரே தட்டாகச் செய்ய முடியாது. ஆனால் பாதி மூடிய குழாயை நினைத்துப் பாருங்கள்: ஆடி முழுதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, துண்டுகள் சரியான இடத்தில் இருந்து சரியாகக் கூட்டப்பட்டால் போதும். புனேவுக்கு வடக்கே நாராயண்காவ் பக்கம் 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகளைச் சுமார் 25 கி.மீ. பரப்பில் பரப்பி, ஒரே தொலைநோக்கியாக இயக்குகிறார்கள். பூமியின் வெவ்வேறு மூலைகளில் உள்ள தொலைநோக்கிகளை இப்படிச் சேர்த்துத்தான் 2019இல் கருந்துளையின் முதல் படத்தை வெளியிட்டார்கள்.

ஏழாம் படி: காற்றைத் தாண்டுதல்

நட்சத்திரம் மினுக்குவது கவிதைக்கு அழகு, தொலைநோக்கிக்குத் தொல்லை. சூடும் குளிருமான காற்று அடுக்குகள் ஒளியைக் கலைப்பதால், எவ்வளவு பெரிய ஆடியானாலும் தரையிலிருந்து சாதாரணமாக ஒரு வில்விநாடிக்குக் கீழே இறங்குவது கடினம். ஒரு வழி, லேசர் கதிரை வானில் பாய்ச்சி 90 கி.மீ. உயரத்தில் செயற்கை நட்சத்திரம் ஒன்றை உண்டாக்கி, அது எப்படிக் கலைகிறது என்று அளந்து, அதற்கு எதிராக ஒரு மெல்லிய ஆடியை விநாடிக்குப் பல நூறு முறை நெளிப்பது. சிலியில் எழும்பிவரும் 39 மீட்டர் தொலைநோக்கி இந்த நெளியும் ஆடியை நம்பித்தான் நிற்கிறது. அதன் முதன்மை ஆடி 798 அறுகோணத் துண்டுகளால் ஆனது.

மறுவழி, மேலே போய்விடுவது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2021 டிசம்பர் 25 அன்று புறப்பட்டு, பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில் நிற்கிறது. தங்கம் பூசிய 18 துண்டுகள், மொத்த வாய் 6.5 மீட்டர். தங்கம் அகச்சிவப்பை மிக நன்றாக எதிரொளிக்கும். தன் சூடே தன் பார்வையை மறைத்துவிடும் என்பதால் ஐந்தடுக்குக் குடையின் நிழலில் குளிர்ந்து கிடக்கிறது.

எக்ஸ்-கதிருக்கு நேராக ஆடியைக் காட்டினால் அது உள்ளே புகுந்து மறைந்துவிடும். குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் தட்டையாக எறிந்தால் தத்தித் தத்திப் போகும் அல்லவா, அதுபோல மிகச் சாய்வாகப் பட்டால்தான் அது திரும்பும். ஆகவே எக்ஸ்-கதிர் தொலைநோக்கியின் ஆடிகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய பீப்பாய்கள்போல் இருக்கும். 1999இல் ஏவிய அத்தகைய தொலைநோக்கி ஒன்றுக்குச் சந்திரா என்று பெயர், சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக. இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளிலும் இவ்வகைக் கருவி உண்டு.

எட்டாம் படி: உங்கள் முதல் இரவு

சரி, எதை வாங்குவது? பணம் குறைவென்றால் 50 மி.மீ. லென்ஸும் பத்து மடங்கும் உள்ள இருகண்நோக்கி. கார்த்திகைக் கூட்டத்தை அதில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இன்னும் செலவழிக்க முடியும் என்றால் மரப்பெட்டித் தாங்கியில் 150 அல்லது 200 மி.மீ. நியூட்டன் வகை. அதே பணத்துக்கு இவ்வளவு அகலமான வாய் வேறு எதிலும் கிடைக்காது. கண்ணருகு லென்ஸ் இரண்டு போதும்: 25 மி.மீ. ஒன்று, 10 மி.மீ. ஒன்று.

பொழுது சாய்ந்ததும் கருவியை மாடிக்குக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். ஆடி வெளிக்காற்றின் சூட்டுக்கு வர அரை மணி நேரமாவது ஆகும், அதுவரை பிம்பம் கொதிக்கும். பகல் முழுதும் வெயில் குடித்த தளமும் அலையடிக்கும் என்பதால் பின்னிரவில் காட்சி நன்றாக இருக்கும். கண்ணும் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும். கைபேசியை ஒருமுறை பார்த்தால் மறுபடி முதலிலிருந்து.

எப்போதும் குறைந்த மடங்கில் தேடி, நடுவில் கொண்டுவந்த பிறகு மடங்கைக் கூட்டுங்கள். 40 மடங்கிலேயே வியாழன், வெறுங்கண்ணுக்கு நிலவு தெரியும் அகலத்துக்கு வந்துவிடும். 100 மடங்கில் சனியின் உருண்டையும் அப்படியே. நம்ப முடியாது, சின்னதாகத்தான் தோன்றும். கண்ணை எடுக்காமல் இரண்டு நிமிடம் இருங்கள். காற்று ஒரு கணம் அமரும்போது வளையம் உருண்டையை விட்டுப் பிரிந்து கூர்மையாக நிற்கும். நெபுலாக்களில் புகைப்பட வண்ணங்களை எதிர்பார்க்காதீர்கள். மங்கலான ஒளியில் நம் கண் நிறம் பார்க்காது. மார்கழி வானத்தில் ஓரையனின் வாளில் தெரிவது சாம்பல் நிறப் புகைதான், ஆனால் அது 1300 ஆண்டுகளுக்கும் மேல் பயணம் செய்து உங்கள் கண்ணுக்கே நேராக வந்து சேர்ந்த ஒளி.

முடித்துக் கீழே வந்ததும் அவசரமாக மூடியைப் போட்டுவிடாதீர்கள். ஆடியில் பனி இறங்கியிருக்கும். குழாயை வாய் கீழ்நோக்கிச் சாய்த்து, திறந்தபடியே ஒரு மணி நேரம் வைத்துக் காயவிட்டு, அப்புறம் மூடுங்கள். கடற்கரை ஊராக இருந்தால் இதை ஒரு நாளும் தவறவிடாதீர்கள், உப்புக்காற்று அலுமினியப் பூச்சை அரித்துவிடும். ஆடியில் தூசி படிந்தால் துணியால் துடைக்க வேண்டாம். கொஞ்சம் தூசி பிம்பத்தை ஒன்றும் செய்யாது. துணி போடும் கீறல்தான் கடைசிவரை இருக்கும்.